அம்மா விண்டோ... குட்டி விண்டோ! கம்ப்யூட்டருக்குள் ஒரு குடும்பக் கதை

மருந்துக்கடை, கூட்டுறவு வங்கி, கொரியர் ஆபீஸ்... எங்கேயாவது இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கவுன்டரில் இருப்பவர் மவுஸைத் தட்டுகிறார். 'டங்' என்று ஒரு சத்தம். மறுபடி தட்டுகிறார். மறுபடியும் 'டங்'. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பிக்கிறார்கள். ''சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க'' என்கிறார் அவர்.

அந்த 'டங்' சத்தம் கேட்டால், பல நேரங்களில் கம்ப்யூட்டர் ஹேங் ஆகவில்லை என்று அர்த்தம். ஸ்கிரீனில் எங்கேயோ ஒரு குட்டிப் பெட்டி திறந்திருக்கிறது. அது ஏதோ ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் பெரிய ஸ்கிரீனைத் தட்டினால், 'முதலில் அதைக் கவனியுங்கள்' என்று கம்ப்யூட்டர் சொல்லும் விதம்தான் அந்த 'டங்'.

பெரிய ஸ்கிரீனும் குட்டிப் பெட்டியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன? அந்தப் பேச்சு ஒழுங்காக நடக்கும்போது யாருக்கும் அது தெரிவதே இல்லை. தவறிப்போனால் பில்லில் ஒரு வரி விடுபடும், நாள் முழுக்க டைப் அடித்தது காணாமல் போகும். ஒருமுறை சுமார் 90 கோடி டாலர் ஒரே நாளில் தவறுதலாகக் கைமாறியிருக்கிறது. அப்போதெல்லாம் பழி என்னவோ, கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் விழுகிறது.

தாய் நகர்ந்தால் சேயும் நகரும்

கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் நாம் பார்க்கும் ஒவ்வொரு சதுரத்துக்கும் 'விண்டோ' என்று பெயர். அதாவது, ஜன்னல். பில் போடும் பெரிய ஸ்கிரீன் 'பேரன்ட் விண்டோ'. அதிலிருந்து திறக்கும் சின்னப் பெட்டி 'சைல்டு விண்டோ'. புரோகிராம் எழுதுபவர்கள் உலகம் முழுக்க இந்தக் குடும்பப் பெயர்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். நாம் 'தாய்', 'சேய்' என்றே வைத்துக்கொள்வோம்.

பெயர் மட்டுமல்ல, நடத்தையும் குடும்பம் மாதிரிதான். தாய் விண்டோவை நகர்த்தினால், அதற்குள் இருக்கும் சேய் விண்டோவும் கூடவே நகரும். தாய் மறைந்தால் சேயும் மறையும். தாயை மூடினால் சேயும் மூடப்படும். தாயின் எல்லையைத் தாண்டி சேய் வெளியே தலைநீட்ட முடியாது.

விண்டோஸ் உலகில் இன்னொரு ஆச்சர்யமும் உண்டு. அடிப்படையில், நீங்கள் அழுத்தும் 'சேவ்' பட்டனும் பெயர் எழுதும் கட்டமும்கூட சேய் விண்டோக்கள்தான். அதாவது, ஒரு சாதாரண பில் ஸ்கிரீன் என்பது ஒரு தாயும் இருபது, முப்பது பிள்ளைகளும் உள்ள வீடு!

தனியாக மேலே மிதக்கும் கேள்விப் பெட்டியை விவரமானவர்கள் 'சொந்தக்காரர் உள்ள விண்டோ' என்று தனியாகப் பிரிப்பார்கள். அது தாயின் எல்லையைத் தாண்டி நகரலாம். ஆனால், எப்போதும் தாய்க்கு மேலேதான் நிற்கும். தாயைச் சுருக்கினால் அதுவும் மறைந்துவிடும். பேச்சு வழக்கில் இதையும் சைல்டு விண்டோ என்றுதான் சொல்கிறார்கள்.

கூட்டுக்குடும்பமும் தனிக்குடித்தனமும்

ஒன்றின்மேல் ஒன்றாக விண்டோக்களை அடுக்கிவைக்கும் யோசனை, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1970-களில் உருப்பெற்றது. அங்கே 1973-ல் உருவான 'ஆல்டோ' கம்ப்யூட்டரில் ஆலன் கே குழுவினர் இதைச் செய்து பார்த்தார்கள்.

1985 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் முதல் விண்டோஸை வெளியிட்டபோது, அதில் பெரிய விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற முடியாது. தரையில் பதித்த டைல்ஸ் மாதிரி பக்கம் பக்கமாகத்தான் நிற்க வேண்டும். ஆனால், கேள்வி கேட்கும் குட்டிப் பெட்டிக்கு மட்டும் விதிவிலக்கு. அது மற்றவற்றுக்கு மேலே வந்து நிற்கலாம். முதல் விண்டோஸிலேயே குட்டிக்குத் தனிச் சலுகை!

அதன் பிறகு ஒரு 'கூட்டுக்குடும்ப' காலம் வந்தது. பழைய எக்ஸெல்லைப் பயன்படுத்தியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே பெரிய விண்டோவுக்குள் மூன்று, நான்கு ஃபைல்கள் குட்டிக் குட்டி விண்டோக்களாகத் திறந்திருக்கும். 2013-ம் ஆண்டு எக்ஸெல்லில் இருந்து ஒவ்வொரு ஃபைலும் தனித்தனி விண்டோவாகிவிட்டது. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.

அந்தக் கூட்டுக்குடும்ப முறையில் ஓர் அழகான வழக்கம் இருந்தது. தாய் விண்டோவை மூடச் சொன்னால், அது உடனே மூடிக்கொள்ளாது. உள்ளே இருக்கும் பிள்ளைகளிடம் 'மூடலாமா?' என்று முதலில் கேட்கும். ஏதாவது ஒரு பிள்ளை, 'இருங்கம்மா, என்னிடம் சேவ் பண்ணாத கணக்கு இருக்கு' என்று தடுத்தால், மொத்த வீடும் மூடாமல் நிற்கும். இப்போதும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் கருவிகளில் இந்த முறை இருக்கிறது.

'சேவ்' பட்டனுக்கு சேவ் பண்ணத் தெரியாது!

சரி, இவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்?

ஒவ்வொரு விண்டோவுக்கும் கம்ப்யூட்டர் ஓர் அடையாள எண் கொடுக்கிறது. அதை முகவரியாக வைத்து ஒரு விண்டோ இன்னொன்றுக்கு 'மெசேஜ்' அனுப்பும். இதில் இரண்டு வகை. ஒன்று, 'சென்ட்'. போனில் பேசுவது மாதிரி, எதிர்முனையில் பதில் வரும்வரை அனுப்பியவர் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, 'போஸ்ட்'. தபால்பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போவது மாதிரி. போனில் காத்திருக்கும்போது எதிர்முனை உறைந்துவிட்டால், அனுப்பியவரும் சேர்ந்து உறைந்துபோவார். 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வெளிறிப்போகும் ஸ்கிரீன்களில் சிலவற்றுக்குப் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறது.

இப்போது 'சேவ்' பட்டனை எடுத்துக்கொள்வோம். அதை நீங்கள் அழுத்தியதும் அது எதையும் சேவ் செய்வதில்லை. அதற்கு அந்த வேலையே தெரியாது. 'அம்மா, என்னை அழுத்திட்டாங்க' என்று தாய்க்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறது. அவ்வளவுதான். என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது தாய் விண்டோ.

இந்த ஒரு விஷயத்தில்தான் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது. சேய் தகவல் சொல்ல வேண்டும். முடிவைத் தாய் எடுக்க வேண்டும். சேய் நேராக அடுக்களைக்குள் புகுந்து டப்பாக்களை மாற்றி வைக்கக் கூடாது. நல்ல புரோகிராமர்கள் பெரிய விண்டோக்களையும் இதே முறையில்தான் பேசவைக்கிறார்கள்.

மருந்துக்கடை பில்லையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 'தள்ளுபடி' என்ற பட்டனை அழுத்தினால் ஒரு குட்டி விண்டோ திறக்கிறது. இதில் பேச்சு மூன்று விதமாக நடக்கலாம்.

ஒன்று, கையில் கொடுத்து அனுப்புவது. குட்டி விண்டோ திறக்கும்போதே, 'பில் தொகை 840 ரூபாய்' என்ற விவரத்தைத் தாய் அதன் கையில் கொடுத்துவிடுகிறது.

இரண்டு, திரும்பி வந்ததும் கேட்டுக்கொள்வது. கடைக்குப் போய்வந்த பிள்ளையிடம் மீதிச் சில்லறையை வாங்கிக்கொள்வது மாதிரி. குட்டி விண்டோ மூடியதும், 'ஓகே சொன்னார்களா, கேன்சல் செய்தார்களா? எத்தனை சதவிகிதம் எழுதினார்கள்?' என்று தாய் கேட்டுக்கொள்ளும். இதற்காகவே டாட்நெட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பதிலுக்காகக் காத்திருக்கவைக்கும் குட்டி விண்டோவை நீங்கள் மூடினாலும், அது உடனே அழிந்துவிடாது. கண்ணில் இருந்து மறையும், அவ்வளவுதான். தாய் கேட்டு முடிக்கும்வரை அதன் பதில்கள் பத்திரமாக இருக்கும்.

மூன்று, மணி அடிப்பது. குட்டி விண்டோ மூடாமலே, 'இங்கே எண் மாறிவிட்டது' என்று மணி அடிக்கும். யார் கேட்கிறார்கள் என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை. கேட்க வேண்டியவர்கள் காது கொடுத்தால் போதும். நார்வேயில் உருவாகி, 1995-ல் வெளியான 'க்யூட்' என்ற மென்பொருள் கருவி, இந்த மணியடிக்கும் முறையை 'சிக்னல், ஸ்லாட்' என்ற பெயரில் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது.

தப்பான அம்மா

புதிதாகப் புரோகிராம் எழுதப் பழகும் மாணவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால், கடைக்காரருக்கு அது சிரிப்பில்லை.

குட்டி விண்டோவில் 10 சதவிகிதம் தள்ளுபடி என்று எழுதி ஓகே அழுத்துகிறார் கடைப் பையன். குட்டி மூடிக்கொள்கிறது. பில்லில் தொகை மாறவில்லை. மறுபடி எழுதுகிறார். மாறவில்லை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை, புரோகிராமும் நிற்கவில்லை. ''ஒழுங்கா டைப் பண்ணத் தெரியாதாடா?'' என்று முதலாளி திட்டுகிறார்.

நடந்தது என்ன? தள்ளுபடித் தொகையைத் தாயிடம் சொல்ல, குட்டி விண்டோவின் கோடில் 'நியூ' என்ற சொல்லைப் போட்டுத் தாயின் பெயரை எழுதியிருப்பார் புரோகிராமர். கம்ப்யூட்டருக்கு 'நியூ' என்றால், 'ஏற்கெனவே இருப்பவரைக் கூப்பிடு' என்று அர்த்தம் இல்லை. 'அதே மாதிரி புதிதாக ஒருவரை உருவாக்கு' என்று அர்த்தம். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்கிறது. ஸ்கிரீனில் தெரியாத, நினைவகத்தில் மட்டும் இருக்கும் புது அம்மா ஒருத்தி பிறக்கிறாள். பிள்ளை அவளிடம் போய், 'பத்து சதவிகிதம்மா' என்று ஒழுங்காகச் சொல்கிறது. அவளும் குறித்துக்கொள்கிறாள். ஸ்கிரீனில் பில்லோடு நிற்கும் நிஜ அம்மாவுக்குச் சேதியே தெரியாது!

வீட்டு பிளானுக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஒரே பிளானில் நூறு வீடு கட்டலாம். கடிதம் போய்ச் சேர வேண்டும் என்றால், நாம் குடியிருக்கும் வீட்டின் கதவு எண் வேண்டும். குட்டி விண்டோ திறக்கும்போதே, 'உன் அம்மா இவர்தான்' என்று அடையாளம் காட்டிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

அப்படி அடையாளம் காட்ட மறந்தால் இன்னொரு தொல்லையும் வரலாம். குட்டி விண்டோ யாருக்குச் சொந்தம் என்று தெரியாமல், சில நேரங்களில் பெரிய விண்டோவின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். முன்னால் இருப்பது பதில் பேசாது. பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கவுன்டரில் இருப்பவர் என்னதான் செய்வார்?

வழிமறிக்கும் பெட்டி

பதில் சொல்லும்வரை தாயைத் தொடவிடாமல் வழிமறித்து நிற்கும் குட்டி விண்டோவுக்கு 'மோடல்' என்று பெயர். கம்ப்யூட்டர் இதைச் செய்யும் விதம் எளிமையானது. குட்டி திறந்ததும் தாயை 'யார் தட்டினாலும் திறக்காதே' என்று முடக்கி வைக்கிறது. குட்டி மூடும்போது தாயை மறுபடி எழுப்ப வேண்டும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் தாயை எழுப்பிவிட்டு, அதன் பிறகுதான் குட்டியை மூட வேண்டும். மாற்றிச் செய்தால், குட்டி மூடும் அந்தக் கணத்தில் தாய் இன்னும் தூக்கத்தில் இருக்கும். யாரை முன்னால் நிறுத்துவது என்று பார்க்கும் விண்டோஸ், முடங்கிக் கிடக்கும் தாயை விட்டுவிட்டு, வேறு ஏதோ புரோகிராமை முன்னால் கொண்டுவந்துவிடும். பெட்டியை மூடியதும் சம்பந்தமே இல்லாத ஸ்கிரீன் முன்னால் குதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படி மனிதரைக் கட்டிப்போடும் முறையே பிடிக்காத ஒருவர் இருந்தார். பெயர் லாரி டெஸ்லர். இன்று நாம் செல்போனில்கூட தினமும் செய்யும் 'கட், காப்பி, பேஸ்ட்' முறைக்கு வடிவம் கொடுத்தவர். ஜெராக்ஸ் பார்க்கிலும் ஆப்பிளிலும் வேலை பார்த்தவர். ஒரே செயலுக்கு நேரத்துக்கு ஒரு பலன் என்று மனிதரைக் குழப்பக் கூடாது என்பது அவர் கட்சி. தன் கார் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று எழுதிவைத்திருந்தவர், 2020 பிப்ரவரியில் காலமானார்.

குட்டிப் பெட்டியில் நாம் அழுத்தும் 'ஓகே' என்ற சொல்லுக்குப் பின்னாலும் அவர் நடத்திய ஒரு சோதனை இருக்கிறது. ஆப்பிளின் 'லிசா' கம்ப்யூட்டர் உருவானபோது, அந்தப் பட்டனில் 'டூ இட்' என்று எழுதியிருந்தார்கள். அதாவது, 'செய்' என்று. சோதிக்க வந்தவர்களில் ஒருவர் அந்தப் பெட்டி வரும்போதெல்லாம் எரிச்சலடைந்தார். காரணம், அந்த ஆங்கில எழுத்துகள் நெருங்கி நின்றதில் அவர் அதை 'டோல்ட்' என்று படித்துவிட்டார். டோல்ட் என்றால் மடையன்! 'என்னை எதற்கு இது மடையன் என்கிறது?' என்பது அவர் கோபம். அதன் பிறகுதான் அந்த இடத்துக்கு 'ஓகே' வந்தது.

ஒரு 'யெஸ்'... 90 கோடி டாலர்!

குட்டிப் பெட்டி சரியாகப் பேசாவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, 2020 ஆகஸ்ட்டில் நடந்த சிட்டிபேங்க் சம்பவம் உதாரணம்.

ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனம் வாங்கியிருந்த கடனுக்கு, கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு சிட்டிபேங்கிடம் இருந்தது. அன்று போக வேண்டிய வட்டி சுமார் 78 லட்சம் டாலர். வங்கியின் மென்பொருளில் அதை நேரடியாகச் செய்ய வழியில்லை. மொத்தக் கடனையும் அடைப்பதுபோல் காட்டி, அசல் தொகையை மட்டும் வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்கு மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் மட்டும் நிரப்பப்பட்டது.

இந்தியாவில் இருந்த ஒப்பந்த நிறுவன ஊழியர்கள் இருவர், அமெரிக்காவில் இருந்த வங்கி அதிகாரி ஒருவர் என மூன்று பேர் பார்த்துச் சரி சொன்ன பரிமாற்றம் அது. கடைசியில் ஒரு குட்டிப் பெட்டியும் எச்சரித்தது. 'பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா?' என்ற பொருளில் கேட்டது. வட்டி வெளியேதானே போக வேண்டும்? 'யெஸ்' அழுத்தினார்கள். எவ்வளவு பணம் போகிறது என்ற ஒரே ஒரு விவரத்தை அந்தப் பெட்டி சொல்லவில்லை. சுமார் 90 கோடி டாலர் போய்விட்டது.

சிலர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 50 கோடி டாலரைத் தர மறுத்தார்கள் மற்றவர்கள். 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம், 'அவர்கள் வைத்துக்கொள்ளலாம்' என்றது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்த பிறகுதான் வங்கிக்கு மூச்சு வந்தது.

மூன்று பேரும் கவனக்குறைவானவர்களா? பெரிய ஸ்கிரீனுக்குத் தெரிந்திருந்த தொகை, கேள்வி கேட்ட குட்டிப் பெட்டியில் இல்லை. விவரம் இல்லாத கேள்விக்கு 'யெஸ்' சொல்லித்தானே நாமெல்லாம் பழகியிருக்கிறோம்?

உங்கள் போனிலும் இதே கதை

ஷாப்பிங் ஆப்பில் 'பணம் செலுத்து' என்று தொட்டதும், யு.பி.ஐ ஆப் திறக்கிறது. பின் நம்பர் போடுகிறீர்கள். பணம் போனதும் மறுபடி ஷாப்பிங் ஆப்புக்கு வருகிறீர்கள். இதுவும் தாய் - சேய் பேச்சு மாதிரிதான். போன ஆப் திரும்பி வந்து, 'கொடுத்தாச்சு' என்று சொல்ல வேண்டும். நடுவில் நெட் துண்டித்தாலோ, நீங்கள் அவசரமாக ஆப்பை மூடினாலோ, கணக்கில் பணம் குறைந்திருக்கும். ஷாப்பிங் ஆப்போ 'வரவில்லை' என்று கையை விரிக்கும்.

பொறுப்பான ஆப்கள் இந்தச் சேதியை மட்டும் நம்புவதில்லை. பின்னணியில் சர்வரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்கின்றன. அந்த இடைவெளியில்தான் 'பென்டிங்' என்று காட்டும். அப்போது பதறிப்போய் இரண்டாவது முறை பணம் அனுப்ப வேண்டாம். முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள்.

இதை மட்டும் நினைவில் வையுங்கள்

* கம்ப்யூட்டரில் 'டங்' கேட்டால், மேலும் மேலும் தட்டாதீர்கள். 'ஆல்ட்' கீயை அழுத்திக்கொண்டே 'டேப்' கீயைத் தட்டுங்கள். ஒளிந்திருக்கும் குட்டிப் பெட்டி பெரும்பாலும் அந்த வரிசையில் தெரிந்துவிடும்.

* கேள்வி புரியவில்லை என்றால் 'ஓகே' வேண்டாம். 'எஸ்கேப்' கீயை அழுத்துங்கள். பெரும்பாலான பெட்டிகளில் அதற்கு 'கேன்சல்' என்றுதான் பொருள்.

* ஷட் டவுன் செய்யும்போது, 'இந்த புரோகிராம் தடுக்கிறது' என்று நீல ஸ்கிரீன் வந்தால், எங்கேயோ ஒரு பிள்ளை 'சேவ் பண்ணவா?' என்று கேட்டபடி நிற்கலாம். 'ஷட் டவுன் எனிவே' அழுத்தினால் அந்தக் கணக்கு போய்விடும். கேன்சல் செய்து, திறந்திருப்பதைச் சேவ் செய்துவிட்டு மூடுங்கள்.

* வீட்டுப் பெரியவர்கள், 'ஏதோ கேக்குதுப்பா, என்ன அழுத்தணும்?' என்று கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். படிக்காமல் 'ஓகே' தட்டுகிற நம்மைவிட, கேட்டுவிட்டு அழுத்துகிற அவர்கள்தான் ஜாக்கிரதையானவர்கள்.

உங்கள் வீட்டில் யாராவது கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறார்களா? கடைக்கோ, பள்ளிக்கோ ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதுகிறார்களா? குட்டிப் பெட்டி ஒன்றை வைக்கும் முன் அவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். 'எவ்வளவு?' என்று இந்தப் பெட்டி காட்டுகிறதா? 'யாருக்கு?' என்று காட்டுகிறதா? 'யெஸ்' சொன்ன பிறகு திரும்பப் பெற முடியுமா, முடியாதா என்று சொல்கிறதா? மூன்றும் இருந்தால், அதன் முன்னால் உட்காரும் யாரும் அந்த சாஃப்ட்வேருக்காகத் திட்டு வாங்க வேண்டியிருக்காது.